செரண்டிபிட்டி: எமது தீவின் பெயரில் பிறந்த சொல்

'செரண்டிபிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அதிர்ஷ்டம் என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். அது பாதிப் பொருளேயாகும்.

அரபு, பாரசீகப் பயணிகள் இலங்கையைச் 'சரந்தீப்' என அழைத்தனர். ஆயிரத்தொரு இரவுகள் கதைகளில் சிந்துபாத் தனது ஆறாவது கடற்பயணத்தில் கரையேறுவதும் சரந்தீப்பிலேயே. சரந்தீப் இளவரசர் மூவரைப் பற்றிய பாரசீக மரபுக் கதை 1557 இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறியது. அக்கதையை அறிந்த ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வோல்போல், 1754 ஜனவரி 28 ஆம் திகதி நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இச்சொல்லை ஆக்கினார். தேடாத ஒன்றைத் தற்செயலாலும் மதிநுட்பத்தாலும் கண்டறிதல் என்பதே அவர் தந்த விளக்கம்.

வழியின் வலப்புறத்தில் நல்ல புல் இருந்தும் இடப்புறப் புல் மட்டுமே மேயப்பட்டிருந்தது. முன்சென்ற விலங்குக்கு வலக்கண் குருடு என்று உணர்ந்தான் இளவரசன். புல் கண்ணிற்பட்டது தற்செயல். அதிலிருந்து உண்மையை உய்த்துணர்ந்தது மதிநுட்பம்.

மாங்குளத்துக் காட்டோரக் கமக்காரர், விடியலில் வரப்பிலே காணும் அடிச்சுவட்டைக் கொண்டு வந்தது தனியன் யானையா, கூட்டமா, எத்திசையிற் சென்றது என்றெல்லாம் கூறுவதும் இவ்வறிவே. 1928 இல் பூஞ்சணம் படிந்த ஆய்வுத்தட்டை உற்றுநோக்கியமையாலேயே அலெக்சாண்டர் பிளெமிங்கிற்குப் பெனிசிலின் புலப்பட்டது.

நெடுங்காலம் அருஞ்சொல்லாயிருந்த இது இருபதாம் நூற்றாண்டிலேயே பரவலாயிற்று. பரவியபோது மதிநுட்பம் உதிர்ந்து அதிர்ஷ்டமே எஞ்சியது. அப்பொருளையே எமது பிள்ளைகளுக்கும் கற்பிப்போமாயின், காத்திருந்தாற் போதும் என்று சொன்னவர்களாவோம். கண் திறந்து நடப்பவருக்கே தற்செயலும் பயன்படும் என்பதே சரந்தீப் இளவரசர் உணர்த்தும் பாடம்.