தேத்தண்ணிக்காக எடுத்த படம்

கல்முனைப் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே குறும்படம் எடுத்து, வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்பக்கூடிய காலம் இது. ஆனால், இலங்கையைக் காட்டிய ஒரு சின்னப் படம் 1935-லேயே ஒரு பெரிய நகரத்து விழாவில் பரிசு வாங்கிவிட்டது தெரியுமா நேயர்களே?

நகரம், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ். படம், 'சாங் ஒஃப் சிலோன்'. இயக்கியவர் பசில் ரைட் என்ற ஆங்கிலேயர். படம் ஓடுவது முக்கால் மணித்தியாலத்துக்கும் குறைவுதான்.

இதில் சுவையான சங்கதி என்னவென்றால், படத்துக்குக் காசு கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை! நம்முடைய தேத்தண்ணியை உலகத்துக்கு விற்கத்தான் எடுத்தார்கள். ரைட்டோ தேயிலையோடு நின்றுவிடவில்லை. பாவாதமலை ஏறுகிற யாத்திரிகர்கள், கண்டி நடனக்காரர்கள், வயலில் பாடுபடும் சனங்கள் என்று அவருடைய கமரா நாடு முழுக்க மனிதர்களைத் தேடிப் போனது. மலை ஏறும் காட்சிகள் இன்றைக்கும் அலுக்காதவை.

பின்னணியில் பேசுகிற குரல் நம் நாட்டவருடையது. கொழும்புக்காரர், புகைப்படக் கலைஞர், பியானோ வாசிப்பவர். பெயர் லயனல் வென்ட். அவர் வாசிப்பது, கண்டி அரசனிடம் நெடுங்காலம் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் எழுதிய புத்தகத்திலிருந்து.

கொழும்பில் நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். கறுவாத்தோட்டத்தில் இருக்கிற லயனல் வென்ட் அரங்கு, அவர் நினைவாகக் கட்டப்பட்டதுதான்.