ஸ்காபரோவுக்கு அப்பால் இருக்கும் கனடா

கனடாவில் பிள்ளைகளிடம் போய்த் திரும்பிய பெற்றோர் காட்டும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கும். நயாகரா நீர்வீழ்ச்சி, சி.என். கோபுரம், ஒரு கோயில், ஒரு கல்யாண மண்டபம், வீட்டு வாசலில் குவிந்த பனி. ஒரு தடவையில் ஆறு மாதம் வரை தங்கலாம் என்றாலும் பிள்ளைகளுக்கு வேலை, பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். காரில் கூட்டிப்போக ஆளில்லை. திரும்பி வந்தபின் "கனடா பார்த்தாச்சு" என்பார்கள். உண்மையில் பார்த்தது ஒன்ராறியோ மாகாணத்தின் தெற்கு மூலையில் ஒரு சிறு துண்டு மட்டுமே.

கனடாவின் பரப்பு ஏறக்குறைய 1 கோடி சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல 150 மடங்கு. 10 மாகாணங்களும் 3 ஆட்புலங்களும் உண்டு. ரொறன்ரோவில் புகையிரதம் ஏறினால் வன்கூவர் போய்ச் சேர நான்கு இரவுகள் செல்லும். கிழக்குக் கோடியில் உள்ள சென்ற் ஜோன்ஸ் நகரத்துக்கு வன்கூவரை விட இலண்டன்தான் கிட்ட. எனவே ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்ப்பது நடவாத காரியம். ஒரு திசையைத் தெரிவுசெய்ய வேண்டும்.

பெரும்பாலானோர் தெரிவுசெய்வது மேற்கு. அல்பேர்ட்டாவின் றொக்கி மலைத்தொடரில் இருக்கும் பான்ஃப் கனடாவின் முதலாவது தேசியப் பூங்கா. பனியாற்று நீர் கொண்டுவரும் கல்மாவினால் நீலப்பச்சையாகத் தெரியும் லூயிஸ், மொறெய்ன் ஏரிகள் அங்கேதான் இருக்கின்றன. 2023 முதல் மொறெய்ன் ஏரிக்குச் சொந்த வாகனத்தில் போக முடியாது, முன்பதிவு செய்து பேருந்தில்தான் போகலாம். இது தெரியாமல் காரில் போய்த் திரும்பியவர்கள் உண்டு.

அழகு ஒருபுறம். அந்தப் பூங்கா எப்படி உருவானது என்பதை எங்கள் வாசகர்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது என நினைக்கிறோம். 1885 இல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிய சிறு நிலத்தை அரசு ஒதுக்கியது. பின்னர் எல்லை விரிந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடி வந்த ஸ்ரோனி நகோடா மக்களுக்குத் தங்கள் சொந்த மலையில் வேட்டையாடத் தடை வந்தது. ஆனால் சுற்றுலாப் பயணிகள் பார்த்து மகிழ்வதற்காக, ஆண்டுதோறும் சில நாட்கள் பாரம்பரிய உடையில் வந்து ஆடும்படி அதே மக்கள் அழைக்கப்பட்டார்கள். முதலாம் உலகப் போரின்போது, ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிலிருந்து குடியேறியிருந்த உக்ரேனியர்கள் 'எதிரி நாட்டவர்' என முத்திரை குத்தப்பட்டார்கள். அவர்களில் பலர் பான்ஃபில் முகாமில் அடைக்கப்பட்டு, வீதிகள் போட வைக்கப்பட்டார்கள். அந்த முகாம்களின் கதையைச் சொல்லும் காட்சிக்கூடம் 2013 இல் வெந்நீர் ஊற்றின் அருகிலேயே திறக்கப்பட்டது. பயணிகள் பலர் அதை எட்டிப் பார்ப்பதில்லை. முள்வேலி முகாம் என்றால் என்னவென்று தெரிந்த எங்களுக்கு அதைக் கடந்துபோவது கடினம்.

இன்னும் மேற்கே, வன்கூவர் தீவில் விக்ரோறியா நகரம். பூந்தோட்டங்களும் திமிங்கிலம் பார்க்கும் படகுகளும் அதன் பெருமை. அதற்குப் பக்கத்து ஊர்தான் எஸ்குவிமோல்ற். 2010 ஆவணியில் 492 தமிழர்களோடு 'சன் சீ' கப்பல் கொண்டுவரப்பட்டது அந்தத் துறைமுகத்துக்குத்தான்.

நடுப்பகுதிச் சமவெளிகளைப் பலர் விமானத்திலேயே கடந்துவிடுகிறார்கள். வீதியே இல்லாத சேர்ச்சில் என்ற வடக்கு ஊருக்கு மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் வெண்கரடி பார்க்கப் பணமுள்ளவர்கள் போவார்கள். கியூபெக் நகரின் பழைய மதில்களுக்குள் நடந்தால் ஐரோப்பாவில் நிற்பது போல இருக்கும். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பாரிசில் இருக்கும் மச்சானோடு போனால் இன்னும் நல்லது.

எங்களைக் கேட்டால் கிழக்குக்குப் போங்கள் என்போம். நோவா ஸ்கோஷியாவின் கிராண்ட் பிறே இன்று அமைதியான புல்வெளி. கடலைத் தடுத்து அணை கட்டி அந்த மண்ணை விளைநிலமாக்கியவர்கள் அக்காடியர்கள் என்ற பிரெஞ்சு மொழி பேசும் விவசாயிகள். 1755 இல் பிரித்தானியப் படை அவர்களைக் கப்பல்களில் ஏற்றி நாடுகடத்தத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் 10,000 க்கும் அதிகமானோர் சிதறடிக்கப்பட்டார்கள். பின்னர் திரும்பி வர அனுமதி கிடைத்தபோது அவர்களின் காணிகளில் வேறு ஆட்கள் குடியேற்றப்பட்டிருந்தார்கள். வந்தவர்கள் வேறு கரைகளில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. 2012 இல் யுனெஸ்கோ அந்த நிலத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அங்கிருந்து ஹலிபாக்ஸ் அதிக தூரமில்லை. 1928 முதல் 1971 வரை ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் கப்பலில் வந்திறங்கிய 21 ஆம் இறங்குதுறை இப்போது குடிவரவு அருங்காட்சியகம்.

கடைசியாக நியூபவுண்ட்லாந்து. ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய மூன்று மணிநேர விமானப் பயணம். அங்கே நேரம் ரொறன்ரோவை விட ஒன்றரை மணித்தியாலம் முன்னால் ஓடும். இலங்கையைப் போல அரை மணிக் கணக்கு என்பதால் யாழ்ப்பாணத்து மணிக்கூட்டின் நிமிட முள்ளும் சென்ற் ஜோன்ஸ் மணிக்கூட்டின் நிமிட முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும். வைகாசி, ஆனி மாதங்களில் கரையோரம் பனிப்பாறைகள் மிதந்து வரும். அவற்றைப் பார்க்கப் பயணிகள் ஏறும் படகுகளில் சில முன்னாள் மீனவர்களுடையவை. 1992 இல் கொட் மீன் அழியும் நிலைக்கு வந்து பிடிக்கத் தடை போட்டபோது, 30,000 பேரளவில் ஒரே தடவையில் தொழிலை இழந்தார்கள். அதற்கு முன்பும் ஒரு இடப்பெயர்வு நடந்திருந்தது. 1954 க்கும் 1975 க்கும் இடையில் 'மீள்குடியேற்றம்' என்ற பெயரிலேயே நூற்றுக்கணக்கான சிறு கரையோர ஊர்களிலிருந்து மக்கள் எழுப்பப்பட்டார்கள். சிலர் வீட்டையே மரக்கட்டைகளில் ஏற்றிக் கடலில் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஊர்களில் இன்று எஞ்சியிருப்பவை சில அத்திவாரங்களும் சேமக்காலைகளும். பிள்ளைகள் கோடையில் போய்ப் புல் வெட்டிவிட்டு வருகிறார்கள்.

இந்தத் தீவின் தென்கரையில்தான் 1986 ஆவணி 11 ஆம் திகதி 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்தார்கள். கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டு, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல். கண்டெடுத்தவர்கள் மீன்பிடிக்க வந்த ஊர் மீனவர்கள். 30 ஆண்டுகள் கழித்து, 2016 இல், அவர்களில் சிலர் திரும்பிப் போய் அந்த மக்களுக்கு நன்றி சொன்னார்கள்.

சென்ற் ஜோன்ஸ் நகரிலிருந்து காரில் தெற்கே இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாக ஓடினால் அந்தக் கரை வரும். பெரிய ஹோட்டல்கள் கிடையாது. கோடையிலும் புகார் மூடியிருக்கும், தடித்த மேற்சட்டை வேண்டும். பக்கத்திலுள்ள கேப் றேஸ் வெளிச்சவீட்டடியில் நின்று பார்த்தால் பல நாட்களில் கடலே தெரியாது, அலைச்சத்தம் மட்டும் கேட்கும்.