பேத்தி தேர்ந்தெடுத்த பணி

பேத்தி நர்ஸிங் படிக்கிறேன் என்றபோது, ‘இன்ஜினியரிங் கிடைக்காதா?’ என்று தடுத்தவன் நான். பிறகு ஒருநாள் நெஞ்சுவலியுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். நள்ளிரவில், மானிட்டரில் என் இதயத்துடிப்பு தடம் மாறியதை முதலில் கண்டு டாக்டரை அழைத்தவர் ஒரு நர்ஸ்தான். நம் ரயில்வே கேபின்மேனுக்குக் குறையாத விழிப்பு!

அன்பர்களே, நான்காண்டு பி.எஸ்ஸி. நர்ஸிங் அல்லது மூன்றாண்டு ஜி.என்.எம். முடித்து, பதிவுசெய்து, பணி அனுபவமும் பெற்றபின், தீவிர சிகிச்சையிலோ அவசர சிகிச்சையிலோ ஓராண்டு டிப்ளமா படிக்கலாம். பட்டதாரிகளுக்கு இரண்டாண்டு ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ படிப்பும் உண்டு.

தேர்ந்தவர்களுக்கு ஏர் ஆம்புலன்ஸ் பணியும் இருக்கிறது. அடிபட்டவரின் நெஞ்சுக்குள் தேங்கிய காற்று, விமானம் உயர உயர விரியும். அதை முன்பே கவனிக்க வேண்டும். டிப்ளமாவில் நான் படித்த பாயில் விதிதான்!

வீடு திரும்பியதும் பேத்தியை நானே அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன்.