மிதித்துப் புறப்படும் மோட்டார்

ஓட்டுபவரை முன்சக்கரம் வரை குனியவைக்கும் தாழ்ந்த ஹேண்டில்பார். மட்கார்டு கிடையாது. மேல் பாருக்குக் கீழே ஒட்டித் தொங்கும் ஒல்லியான பெட்ரோல் டாங்க். தந்த நிறத்தில் தடித்த டயர்கள். பார்த்தவுடன் நூறு வருடத்துக்கு முந்தைய ரேஸ் வண்டி என்றுதான் தோன்றும். பக்கத்தில் போய்ப் பார்த்தால், யாரோ ஒருவர் தன் வீட்டு கார் ஷெட்டில் உட்கார்ந்து பூட்டிய சைக்கிள் அது. அமெரிக்காவில் இப்படிப் பழைய பாணியில் மோட்டார் சைக்கிளைக் கையால் கட்டுபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

அவர்கள் பின்பற்றும் உருவம் 'போர்டு டிராக்' பந்தயங்களிலிருந்து வந்தது. 1910-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே பிளாயா டெல் ரே என்ற இடத்தில் மரச்சட்டங்களை நெருக்கி அடித்து, ஓரம் உயர்ந்த ஒரு வட்டப் பாதையை எழுப்பினார்கள். அதைப் பார்த்துப் பல நகரங்களில் மரப் பாதைகள் வந்தன. இந்தியன், எக்ஸெல்சியர், மெர்கல் வண்டிகள் அவற்றின் மேல் சீறின. அந்த ரேஸ் வண்டிகளில் பிரேக் இல்லை. 1912 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் நியூவார்க் பாதையில் எடி ஹாஷா என்ற வீரரின் வண்டி கட்டுப்பாட்டை இழந்து விளிம்பில் மோதியது. அவரோடு பார்வையாளர்கள் சிலரும் இறந்தார்கள். அந்தக் காலத்து வண்டியின் அழகை எடுத்துக்கொள்ளலாம். பிரேக் விஷயத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

வேலை எளிதாகத்தான் தொடங்குகிறது. நீண்ட பிரேம் கொண்ட 26 அங்குல சைக்கிள் ஒன்று. கூடவே சீனாவிலிருந்து பெட்டியில் வரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், கார்புரேட்டர், சைலன்சர், செயின். எஞ்சினில் பரவலாகக் கிடைப்பது 47 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டமும் 38 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் உள்ளது. கணக்குப் போட்டால் 66 சிசி வரும். விற்பவர்கள் 80 சிசி என்று சொல்வது வழக்கம். அளந்து பார்ப்பவர் ஏமாறுவதில்லை.

பிரேமின் முக்கோணத்தில் எஞ்சினை உட்காரவைப்பது ஒரு மதிய வேலை. கையைப் பிடித்துக்கொள்வது பின்சக்கரம்தான். சைக்கிளின் மிதிசெயின் வலப்பக்கம் இருப்பதால் எஞ்சினின் செயின் இடப்பக்கம் போக வேண்டும். அதற்கான 44 பல் சக்கரத்தை மாட்ட சைக்கிள் ஹப்பில் இடமே கிடையாது. அதனால் போக்ஸ் கம்பிகளின் இரு புறமும் ரப்பர் வளையம் வைத்து, உள்ளே தகடு கொடுத்து, ஒன்பது போல்ட்டால் இறுக்கிப் பிடிக்கிறார்கள். ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இறுகிவிட்டால் பல்சக்கரம் சாய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வு செயினுக்குத் தெரியும். ஒரு சுற்றில் தொய்ந்து, மறு சுற்றில் விறைத்து, வேகம் பிடித்ததும் கழன்று விழும். விழுந்த செயின் பின்சக்கரத்துக்குள் சிக்கினால் வண்டி அங்கேயே நிற்கும், ஓட்டுபவர் நிற்கமாட்டார். விவரம் தெரிந்தவர்கள் பிரேமில் ஒரு ஆணியைக் கட்டி, அதன் முனையைப் பல்லுக்கு அருகே நிறுத்திச் சக்கரத்தை மெல்லச் சுற்றுகிறார்கள். இடைவெளி எங்கே குறைகிறதோ அங்கே அரைத் திருகு இறுக்கம், எதிரே அரைத் திருகு தளர்வு. ரிம்முக்குக் கோட்டம் எடுக்கிற அதே பொறுமை இதற்கும் வேண்டும். செலவு தாங்குபவர்கள் ஹப்பையே கவ்விப் பிடிக்கும் அடாப்டர் வாங்கி, 2 மில்லிமீட்டர் போக்ஸ் கம்பிகளுக்குப் பதில் 2.6 மில்லிமீட்டர் கம்பி போட்ட சக்கரத்தை மாட்டுகிறார்கள். பெயின்ட்டுக்குச் செலவழிக்கும் முன்பு செய்ய வேண்டிய செலவு அதுதான்.

இந்த வண்டியை ஷெட்டில் கட்டி முடித்துவிட முடியாது. பாதி வேலை சாலையில்தான் நடக்கிறது. இதற்கு ஜப்பானின் ஹமாமட்சு நகரக் கதையைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

1946. போரில் நொறுங்கிக் கிடந்த ஊர். ரயிலில் நெரிசல், பெட்ரோலுக்கு ரேஷன். சோய்ச்சிரோ ஹோண்டா என்ற மெக்கானிக்கின் கையில் ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்ட குட்டி எஞ்சின்கள் சிக்கின. சைக்கிளில் மாட்டினால் என்ன என்று யோசித்தார். முதல் மாதிரிக்குப் பெட்ரோல் டாங்காக அமைந்தது, குளிர்காலப் படுக்கையைச் சூடேற்றும் வெந்நீர்க் குடுவை. எஞ்சினை முன்சக்கரத்தின் மேல் வைத்து, ரப்பர் உருளையால் டயரை உரசி ஓட்டிப் பார்த்தார். அந்நாளைய மட்டமான டயர் அந்த உரசலைத் தாங்கவில்லை. எஞ்சினைப் பிரேமின் நடுவே இறக்கி, பெல்ட் வழியாகப் பின்சக்கரத்துக்கு விசை கொடுத்தார். ஓடிப் பார்த்ததால்தான் அந்த மாற்றம் வந்தது.

அடுத்த மாற்றத்துக்குக் காரணம் அவருடைய மனைவி சாச்சி. ஒரு பெண்ணால் இதை ஓட்ட முடியுமா என்று பார்க்க ஹோண்டா அவரையே ஏற்றிவிட்டார். ஊர்க்கூட்டத்தின் நடுவே போக வேண்டுமே என்று சாச்சி தன்னிடமிருந்த நல்ல கால்சட்டையை அணிந்து புறப்பட்டார். திரும்பியபோது துணி முழுக்க எண்ணெய். கார்புரேட்டர் எரிபொருளைப் பின்னோக்கித் துப்பியிருந்தது. இப்படி விற்றால் வாங்குகிறவர்கள் வந்து திட்டுவார்கள் என்று கணவரிடம் நேராகவே சொன்னார். வழக்கமாக வாயை அடைக்கும் ஹோண்டா அன்று கேட்டுக்கொண்டார் என்பது சாச்சியே பின்னாளில் நினைவுகூர்ந்தது. ராணுவ எஞ்சின்கள் தீர்ந்ததும் 1947-ல் சொந்தமாகச் செய்த 50 சிசி 'ஏ-டைப்' வந்தது. ஹோண்டா பெயர் தாங்கிய முதல் பொருள் அது. உலகம் முழுக்க ஓடும் கோடிக்கணக்கான வண்டிகளின் வரலாற்றில் சாச்சியின் அந்தச் சவாரிக்கு இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்க வேண்டும்.

இன்றைய ஷெட்டுகளிலும் இதே கதைதான், சிறிய அளவில். பித்தளைத் தகட்டை வளைத்து, ஈயம் பற்றவைத்து அழகான டாங்க் செய்கிறார்கள். ஒழுகவில்லை என்று சோப்பு நுரை பூசிச் சோதித்தும் விடுகிறார்கள். முதல் ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் எஞ்சின் இருமி அணைகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நெருப்புப் பொறி நன்றாகவே வருகிறது. கடைசியில் டாங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும். மூடியில் ஊசித்துளை போட மறந்திருப்பார்கள். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று வர வழியில்லை. கார்புரேட்டருக்கு எரிபொருள் இறங்கவில்லை.

சோதனை ஓட்டத்துக்கு ஒரு முறை இருக்கிறது. புது எஞ்சினுக்கு முதலில் 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு 2டி ஆயில், அதாவது லிட்டருக்கு 62 மில்லி. எஞ்சின் பழகிய பிறகு நல்ல ஆயிலாக இருந்தால் பாதியாகக் குறைப்பவர்கள் உண்டு. கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்து, வண்டி உருளத் தொடங்கியதும் கிளட்ச்சை விட வேண்டும். ஓசூரில் பிறந்து 1980-ல் சாலைக்கு வந்த டிவிஎஸ் 50-ஐ மிதித்துக் கிளப்பிய தலைமுறைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அரை ஆக்சிலேட்டருக்கு மேல் போகாமல் சில கிலோமீட்டர் ஓட்டி, எஞ்சினை ஆறவிட்டு, சிலிண்டர் தலையின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். பிளக்கின் முனை காப்பிப் பழுப்பில் இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் எஞ்சின் சூடேறுகிறது. கறுத்து ஈரமாக இருந்தால் எரிபொருள் அதிகம். அதிர்வு இந்த வண்டிகளின் பிறவிக்குணம் என்பதால் மரையில் பிடிப்புப் பசை தடவாத போல்ட் எதுவானாலும் வீடு திரும்பும்போது இருக்குமா என்பது சந்தேகமே.

வேகக் கணக்கையும் பார்த்துவிடலாம். எஞ்சினுக்குள்ளேயே ஏறக்குறைய 4.1 மடங்கு குறைப்பு. வெளியே 10 பல்லுக்கு 44 பல். எஞ்சின் 18 முறை சுற்றினால் பின்சக்கரம் ஒரு முறை சுற்றும். நிமிடத்துக்கு 5,000 சுற்றில் மணிக்கு 34 கிலோமீட்டர் கிடைக்கும். 36 பல் போட்டால் 42. ஆனால் மேட்டில் திணறும். ஆசை எல்லோருக்கும் 36 மேல்தான். பிரேக்குக்குப் பதில் சொல்லிவிட்டு ஆசைப்படட்டும். மிதிக்கும் சைக்கிளின் 15 கிலோமீட்டர் வேகத்தோடு ஒப்பிட்டால் 40 கிலோமீட்டரில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏழு மடங்கு. பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் ஒற்றை பிரேக் அதற்குக் காணாது. முன்சக்கரத்தில் டிஸ்க்கோ டிரம்மோ வைத்த பிறகே சாலையில் இறங்க வேண்டும்.

சட்டமும் எஞ்சினின் அளவுக்கு எல்லை வைக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் மொபெட் என்று ஏற்பது 50 சிசி வரை. அங்கே 66 சிசி எஞ்சின் அந்த வரம்புக்குள் வராது. இந்தியாவில் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 25 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின் பூட்டிய இரு சக்கர வண்டியை மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. பதிவு, லைசென்ஸ் இல்லாமல் பொதுச் சாலைக்குக் கொண்டுவர முடியாது. இங்கே ஆசைப்படுபவர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டும்.

நல்லபடி ஓடத் தொடங்கியதும் இன்னும் பெரிய எஞ்சின் வைக்கலாமே என்ற யோசனை கிளம்பும். மில்வாக்கியில் வில்லியம் ஹார்லியும் ஆர்தர் டேவிட்சனும் இந்த வழியில்தான் வந்தார்கள். சைக்கிள் பிரேமில் 116 சிசி எஞ்சினைப் பூட்டி 1903-ல் ஓட்டிப் பார்த்தபோது, ஊரின் மேடுகளில் பெடலை மிதிக்காமல் அது ஏறவில்லை. எஞ்சினை 405 சிசியாகப் பெருக்கினார்கள். அந்தக் கனத்துக்குச் சைக்கிள் பிரேம் உதவாது என்று எஞ்சினைச் சுற்றி வளையும் புதிய பிரேமைச் செய்தார்கள். 1904 செப்டம்பரில் மில்வாக்கி பந்தயத் திடலில் நடந்த போட்டியில் அந்தப் புது வண்டி இறங்கியது, நான்காவதாக வந்தது.