பேறுகால வைத்தியரைத் தேடுமிடம்

வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி தெரிந்ததும், மகிழ்ச்சியோடு கூடவே ஒரு கேள்வியும் அவ்வீட்டினுள் நுழைந்துவிடுகிறது. ‘யாரிடம் காட்டுவது?’ மாமியார் ஒரு பெயரைச் சொல்வார். தாயார் வேறொரு பெயரைச் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா தமக்குக் கைராசியாக அமைந்தவரை எளிதில் விட்டுக்கொடுக்கமாட்டார். பட்டணத்திலே பெயர்பெற்ற நிபுணர் ஒருவரிடம் முற்பதிவு செய்துவிட்டால் தன் பொறுப்புத் தீர்ந்தது என்று கணவன் எண்ணிக்கொள்கிறான்.

கைராசி என்பது ஒரு நம்பிக்கை, அதனைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் பேறு நிகழப்போவது ஏதோ ஒரு வைத்தியசாலையில், முன்னறிய முடியாத ஒரு நாளில், பெரும்பாலும் அகால வேளையில். அவ்வேளை அங்கே சத்திரசிகிச்சைக் கூடம் ஆயத்தமாக இருக்குமா, மயக்க மருந்து கொடுப்பவர் இருப்பாரா, ஏற்ற குருதி கிடைக்குமா, குறைமாதத்தில் பிறந்த சிசுவைப் பேண வசதி உண்டா என்பனவற்றையே முதலில் அறிதல் வேண்டும். வைத்தியரின் பெயர் அதன் பின்னரே வரவேண்டியது.

இவ்வாறு சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளை பிறந்தபின் கருப்பை இறுகிச் சுருங்குதல் இயல்பு. அது சுருங்காது தளர்ந்து கிடந்தால் குருதி பெருகத் தொடங்கும். தடுக்கப்படாவிடின், அதுவரை எக்குறையுமின்றி இருந்த தாயும் இரண்டு மணி நேரத்தளவில் உயிரிழக்கக்கூடும். குருதி அமுக்கம் உயர்ந்து வலிப்புக் காணும் தாயின் நிலையும் அவ்வாறானதே. மூன்று மணி நேரப் பயணத்துக்கு அப்பாலுள்ள புகழ்பெற்ற நிபுணரால் அத்தாய்க்கு ஆவது யாது? ஆகவே ‘அருகில் உள்ள வைத்தியர்’ என்று சொல்லும்போது அருகு என்பதை மைலால் அளப்பதிலும், நள்ளிரவில் சென்றடையப் பிடிக்கும் நேரத்தால் அளப்பதே தக்கது.

இலங்கையில் இவ்வசதிகள் ஒருநாளில் வந்தனவல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்குவித்தார். 1857 இல் வெளிவந்த மகப்பேற்று வைத்திய நூலும் அவற்றுள் ஒன்று. கொழும்பிலே டி சொய்சா பிரசவ வைத்தியசாலை 1879 இல் தோன்றியது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பார்க்கும் முறை அதிலிருந்தே நாடெங்கும் பரவிற்று. அந்தக் காலத்தில் நூறாயிரம் உயிர்ப்பிறப்புகளுக்கு 1500 இற்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். இருபத்தோராம் நூற்றாண்டிலே அத்தொகை 30 முதல் 40 வரையான அளவுக்கு இறங்கியது. பெருஞ் செல்வமில்லாத ஒரு நாடு இதனைச் சாதித்தமைக்குப் பேர்போன நிபுணர்கள் மட்டும் காரணரல்லர். ஊர் ஒழுங்கைகளில் சைக்கிளிலே திரிந்த மருத்துவிச்சிமாரை இவ்விடத்தில் மறத்தல் நன்றியாகாது.

இன்றும் மகப்பேற்று நிபுணரிடம் செல்லும் வழி அவர்களிடமிருந்தே தொடங்குகிறது. குடும்பநல உத்தியோகத்தர் என வழங்கப்படும் மருத்துவமாது, ஏறத்தாழ மூவாயிரம் மக்கள் வாழும் பகுதிக்கு ஒருவராக நியமிக்கப்படுவார். மாதவிலக்குத் தவறியவுடன் அவரிடம் தெரிவித்து, எட்டு வாரம் நிறையுமுன் பதிந்துகொள்ளுதல் நன்று. ‘மூன்று மாதம் கழியட்டும், கண்ணூறு பட்டுவிடும்’ என்று மறைத்து வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் நீங்கவில்லை. ஊருக்கு மறைக்கலாம்; மருத்துவமாதுக்கு மறைத்தல் ஆகாது. சர்க்கரை நோயும் இருதய நோயும் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அறியப்படவேண்டியவை.

பதிவு செய்ததும் ஒரு பதிவட்டை கொடுக்கப்படும். சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையோடு சேர்ந்த தாய்சேய் நலக் கிளினிக்கில் நிறை, உயரம், குருதி அமுக்கம், குருதி வகை, குருதிச் சோகை, சர்க்கரை முதலியன பார்த்து அதில் எழுதப்படும். பிரசவ வேளையில் தாய் பேசும் நிலையில் இல்லாதபோது அவளுக்காகப் பேசுவது அந்த அட்டையே. அதனைப் பெட்டியிலே பூட்டி வைத்துவிட்டு வெறுங்கையோடு வைத்தியசாலைக்கு ஓடுவோரும் உளர்.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஒரே அளவான கவனிப்புப் போதாது. முன்னர் வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து பிள்ளை எடுக்கப்பட்டவள், இரட்டைப்பிள்ளை தாங்கியவள், முப்பத்தைந்து வயதின் பின் முதன்முறை கருவுற்றவள், பல பிள்ளை பெற்றவள், மிகக் குள்ளமானவள், குருதி அமுக்கமோ சர்க்கரையோ உள்ளவள் ஆகியோரை ஊர்க் கிளினிக்கோடு நிறுத்தாமல் நிபுணரிடம் அனுப்புவார்கள். ‘வீ.ஓ.ஜி.’ என்று மக்கள் சுட்டும் மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர் பொதுவாக ஆதார வைத்தியசாலை தொடங்கி மாவட்டப் பொது வைத்தியசாலை, போதனா வைத்தியசாலை வரை கடமையாற்றுவார். சிறிய பிரதேச வைத்தியசாலைகளில் அவரை எதிர்பார்த்தல் இயலாது. மலையகத்துத் தோட்டங்களிலும் இதே கதைதான். லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு வருவதற்கே அங்கு நேரம் வேண்டும்.

நெடுந்தீவை நினைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். அங்கே ஒரு பிரதேச வைத்தியசாலை உண்டு. நிபுணரை வேண்டிநிற்கும் தாயோ படகேறிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையை அடைய வேண்டும். காற்றுக் கடுமையாயின் படகு ஓடாது. அத்தகையவள் வலி எடுத்தபின் வைத்தியரைத் தேடலாமா? குறித்த நாளுக்கு முன்னதாகவே பெருநிலத்தில் உறவினர் வீடொன்றிலோ வைத்தியசாலை விடுதியிலோ வந்து தங்குவதே அவளுக்குரிய வழி. அந்நாள்களில் வீட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்ப்பவர் யார், ஆட்டையும் மாட்டையும் கவனிப்பவர் யார் என்பதும் அத்தாய்க்குப் பெருங்கவலையே. வீட்டார் முன்கூட்டி அதற்கு ஒரு வழி செய்யாவிடின், வைத்தியரின் புத்திமதி வெறும் வாய்ச்சொல்லாய்ப் போய்விடும்.

தனியார் கிளினிக்கில் ‘சனல்’ செய்து காட்டுவோர் பலர். அதில் தவறில்லை. மாலையில் அங்கே பணம் பெற்றுப் பார்க்கும் நிபுணரே பல இடங்களிலும் காலையில் அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகப் பார்ப்பவர் என்பதை அறிந்திருத்தல் நலம். அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்றவரா, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின்படிப்பு மருத்துவ நிறுவகத்தின் வழி இத்துறையில் நிபுணராக அங்கீகரிக்கப்பட்டவரா என்று விசாரிப்பதில் நாணம் வேண்டியதில்லை. பெயர்ப்பலகையிலுள்ள எழுத்துகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குதல் வேண்டாம். முதற் சந்திப்பிலேயே மரியாதையோடு சிலவற்றைக் கேட்கலாம். பிரசவத்துக்கு எந்த வைத்தியசாலையில் அனுமதிப்பீர்கள்? நீங்கள் விடுமுறையில் இருந்தால் யார் பார்ப்பார்? இரவில் அவசரமேற்பட்டால் யாரை அழைப்பது? முன்பு சத்திரசிகிச்சை நடந்திருப்பின், அது எக்காரணத்தால் நடந்தது என்று எழுதிய நோய் நிர்ணய அட்டையையும் கொண்டுசெல்லல் வேண்டும். இக்கேள்விகளுக்குச் சினவாமல் விடை தருபவரிடம் தயக்கமின்றிச் செல்லலாம்.

ஆண் வைத்தியரிடம் காட்டக் கூச்சப்பட்டுக் காலத்தைக் கடத்தும் பெண்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அக்கூச்சத்தை மதித்தே 1898 இல் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கே பெண் வைத்தியர்கள் பணியாற்றினர். பெண் நிபுணரே வேண்டும் என்று விரும்புவது குற்றமன்று. எல்லா ஊரிலும் அவர் கிடைப்பதில்லை. அவ்வாறாயின், பரிசோதனையின்போது பெண் தாதியோ மருத்துவமாதோ உடனிருக்க வேண்டும் எனக் கேட்கலாம், கேட்டால் மறுப்பாரில்லை. கூச்சத்தின் பேரில் குருதிப் போக்கை மறைத்தலே ஆபத்து.

பிள்ளைப்பேற்றோடு சம்பந்தமில்லாத பெண்நோய்களுக்கும் இதே வாசல் உதவும். 1996 இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளிலே நடக்கின்றன. முப்பத்தைந்து வயதை அடைந்தவர்கள் நோயில்லாவிடினும் அங்கே சென்று கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். மாதவிலக்கு முற்றாக நின்றபின் மீண்டும் குருதி கண்டால், அதனை ‘வயதுக் கோளாறு’ என்று தள்ளாமல் உடனே காட்டுதல் வேண்டும்.

குருதிப் போக்கு, பார்வை மங்கலோடு கூடிய கடுந் தலையிடி, முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, நீர்க்குடம் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திருத்தல் கூடாது. 2016 இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அந்த எண்ணையும் மருத்துவமாதின் தொலைபேசி எண்ணையும் பதிவட்டையின் உறையிலே எழுதி வைக்கும் வீடுகள் உள்ளன. வாகனம் வைத்திருக்கும் அயலவர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் கிராமங்களில் நல்ல வழக்கம்.

பிள்ளையோடு தாய் வீடு திரும்பியபின், முதற் பத்து நாள்களுள் மருத்துவமாது இருமுறை வந்து பார்ப்பார். காய்ச்சலோ, துர்நாற்றமுள்ள போக்கோ, காலில் வீக்கத்தோடு கூடிய நோவோ இருப்பின் துடக்குக் கழியட்டும் என்று தாமதியாமல், அவரிடம் அன்றே சொல்லி அனுப்புதல் வேண்டும்.