துறை தேர்தல்

நெய்வேலிச் சுரங்கம் பழுப்பு நிலக்கரியைத் தருவது. 1957-ஆம் ஆண்டில் அதன் பணி தொடங்கிற்று. கரிப்படிவத்தின் அடியில் நீர் மிகுந்த அழுத்தத்துடன் தேங்கியிருந்தது. அதனை இடைவிடாது இறைத்த பின்னரே கரியை அகழ இயன்றது. அதற்கு நீரியல் அறிந்தோரும் பொறிவல்லாரும் வேண்டியிருந்தனர். சுரங்கத்தை அடுத்து நகரம் எழுந்தபோது மருத்துவரும் ஆசிரியரும் கணக்கரும் அங்ஙனமே இன்றியமையாதவராயினர்.

ஒரு தொழில் நகரத்திற்கே இத்தனை துறையினர் வேண்டுமாயின், மாணவர் அனைவரையும் ஒரே துறைக்குப் பள்ளி செலுத்துதல் தகுமோ? தகாது. ஆயினும், தமிழ்நாட்டில் 1978 முதல் பதினோராம் வகுப்பிலேயே பாடப்பிரிவைத் தேர வேண்டியுள்ளது. இளம் அகவையில் எவர் துணையுமின்றித் தேர்தல் அரிது. 1952-இல் இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவும், பல்வகைப் பாடங்களோடு வழிகாட்டுவோரும் பள்ளிகளுக்கு வேண்டும் என்றது.

வழிகாட்டுதல் வேறு, திணித்தல் வேறு. மதிப்பெண் ஒன்றையே நோக்கித் துறையை விதித்தால் ஊக்கம் குன்றும். அரிய ஆண்டுகள் வீணாகும். மாணவரின் ஆர்வத்தையும் ஆற்றலையும் ஆசிரியர் அறிதல் வேண்டும். ஒவ்வொரு துறையின் பயனையும், அது வேண்டும் உழைப்பையும் எடுத்துரைத்தல் வேண்டும். அதன்பின் தேர்வது மாணவரின் உரிமை. அடிநீரை அறியாது சுரங்கம் வெட்டலாகாது. உள்ளத்தை அறியாது துறை வகுத்தலும் ஆகாது.