ஊர்ப் புறாவும் சோலைப் புறாவும்

மதுரைக் கோபுரங்களில் கூட்டங் கூட்டமாக வந்து தங்கும் மாடப் புறாவை அறியாத தமிழர் இல்லை. அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர் சென்று மலையேறினால், ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், கொடைக்கானல் சோலைகளில் வேறொரு புறா வாழ்கிறது. அதை அறிந்த தமிழர் எத்தனை பேர்? முன்னது பெருகி வருகிறது. பின்னது அருகி வருகிறது. இந்த வேற்றுமைக்குக் காரணம் யாது என்பதை நேயர்கள் சற்றே சிந்திக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

மாடப் புறா ஆதியில் பாறைப் பிளவுகளில் வசித்த பறவை. மனிதன் கல்லால் கோபுரங்களையும் மாளிகைகளையும் எழுப்பியபோது, அவற்றையும் பாறைகளாகவே கொண்டு அது நம்மிடம் குடிவந்துவிட்டது. ஏதேனும் ஒரு மாடத்தில் நாலைந்து சுள்ளிகளைப் பரப்பி இரண்டு வெள்ளை முட்டைகளை இடும். பகலில் பெரும்பாலும் ஆணும், இரவில் பெண்ணுமாக அடை காக்கும். சுமார் 18 நாட்களில் குஞ்சு பொரியும். தாய், தந்தை இரண்டுமே தம் தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற பொருளை ஊட்டிக் குஞ்சுகளை வளர்க்கின்றன. தந்தையும் பாலூட்டும் இவ்விந்தை பட்சி ஜாதியில் வெகு அபூர்வம். இரை தாராளமாகக் கிடைத்தால் ஆண்டில் பல முறை குஞ்சு பொரிக்கும். நகரத்தில் இரைக்குப் பஞ்சம் ஏது? தானிய மண்டியில் சிந்துவது ஒருபுறம். புண்ணியம் கருதி நாம் இறைப்பது மற்றொருபுறம்.

மலைப் புறாவின் கதை வேறு. நீலகிரிக் காட்டுப் புறா என்பது அதன் பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. பின்கழுத்தில் சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அதற்கு அடையாளம். நம் மண்ணுக்கே உரிய இப்பறவைக்கு, பம்பாய் கவர்னராயிருந்த எல்பின்ஸ்டன் துரையின் பெயரை விஞ்ஞான நூல்கள் சூட்டியிருக்கின்றன! பெயர் போனால் போகட்டும். வீடும் அல்லவா போய்க்கொண்டிருக்கிறது? இப்புறா ஒரு முறைக்கு ஒரே முட்டைதான் இடும். சோலை மரங்களின் பழங்களே அதற்குப் பிரதான உணவு. பழத்தை முழுதாக விழுங்கி, வித்துக்களை வேறிடங்களில் விட்டு, தனக்கு உணவளிக்கும் சோலைக்குக் கைம்மாறும் செய்கிறது.

அச்சோலைக்கு நேர்ந்தது என்ன? தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டிலும், விறகுக்கும் ஆலைகளுக்குமாக யூகலிப்டஸும், அவற்றோடு பைனும் மலையெங்கும் பரவின. இதை ஆரம்பித்தவர்கள் வெள்ளைக்காரர்கள் என்பது மெய். ஆனால் சுதந்திரம் பெற்ற பிறகு அதைப் பன்மடங்கு பெருக்கியவர்கள் நாமே என்பதையும் மறைப்பதற்கில்லை. சுமார் 40 ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாக 2018இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று கணக்கிட்டிருக்கிறது. சோலைகளும் சுருங்கின. அந்நிய மரமும் பச்சையாகத்தான் நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு அதுவும் காடுதான். ஆனால் புறாவுக்கு வேண்டிய பழம் அதில் இல்லையே! அழியும் அபாயத்தை நோக்கிச் செல்லும் உயிர்களின் சர்வதேசப் பட்டியலில் இப்பறவை இடம்பெற்றிருப்பதில் வியப்பென்ன?

புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியைச் சோழர் குல முன்னோன் என்று போற்றுபவர்கள் நாம். ஆனால் நமது ஜீவகாருண்யம் கைப்பிடித் தானியத்தோடு நின்றுவிடுகிறது. அதுவும் நன்மையாய் முடிவதில்லை. இரை பெருகப் புறா பெருகுகிறது. உலர்ந்த எச்சத்தின் தூசியை நெடுநாள் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் நோய் உண்டாகிறது. 2025இல் மும்பையில் புறாக்களுக்கு இரையிடும் இடங்களை மூட உத்தரவிட்டதும், அதனால் பெருங்கிளர்ச்சி மூண்டதும் யாவரும் அறிந்ததே. நகரத்துப் புறாவுக்காக வாதாட அத்தனை பேர்! மலைப் புறாவுக்காக வாதாடுபவர் எங்கே?

2013இல் கொடைக்கானல் மலைக்காடுகள் வனவிலங்கு சரணாலயமாக்கப்பட்டதை வரவேற்கிறோம். ஆயினும் சர்க்கார் உத்தரவு மட்டும் சோலையை வளர்த்துவிடாது. பாம்பார் சோலை முதலாக எஞ்சியிருப்பவற்றில் கை வையாதிருத்தல் வேண்டும். அந்நிய மரம் புகுந்த இடங்களில் சோலை மரமும் புல்லும் அவையவை இருந்த இடத்தில் மீண்டும் தழைக்க வழிவிடுதல் வேண்டும். சிபி தன் உடலையே தந்தான். நம்மிடம் யாரும் தசையைக் கேட்கவில்லை. அந்தப் புறாவினிடமிருந்து எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்படியே கேட்கிறார்கள். அதற்குக்கூட நமக்கு மனம் வராதா?